சிப்பிப் பட்டன்

நானும் சிரித்தேன். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிட வேண்டும், ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் சிரிக்கவே இல்லை என்று எனக்கே நிரூபித்துக் காட்டிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கருத்தரங்க அறையில் இருபத்திரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம், இருபத்திரண்டு பேரும் சிரித்தோம், குணவதி அக்காவும் சிரித்தார், இடது கை டீ கேனின் மேல் இருக்க, வலது கையில் மைக்கை அகப்பை மாதிரி பிடித்துக்கொண்டு. அவரைப் பேச வைத்ததே நான்தான். சுனாமி வந்து இருபது வருடம், 'அன்று நான் எங்கே இருந்தேன்', ஆளுக்கு மூன்று நிமிடம், பலகையில் தலைப்பை எழுதியதுகூட என் கைதான். அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் எனக்குச் சுருக்கென்றது, எழுந்துவிட்டேன், 'மேடம், அக்காவும் சொல்லட்டும்' என்றேன். துறைத்தலைவர் கனகவல்லி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, 'அவங்களுக்கு வேலை இருக்கும்மா' என்றார். 'இந்த ரூம்ல கடலுக்கு முன்னால நின்னவங்க அவங்க ஒருத்தர்தான் மேடம். அவங்க டீ ஊத்தணும், நாம நினைவு பேசணும். இது என்ன நியாயம்?' பக்கத்து நாற்காலியில் பிரிட்டோ, 'ஆரம்பிச்சுட்டாடா' என்று முனகினான். அக்காதான் சமாதானம் செய்தார். 'வுடு பாப்பா, பேசிட்டுப் போறேன். டீ ஆறிடும்.' அப்புறம் மைக்கை வாங்கி, அது வேலை செய்கிறதா என்று ஒரு தடவை ஊதிவிட்டுச் சொன்னார்: 'எனக்கு என்னா தெரியும் பேச. துணி வந்திச்சி. லாரி லாரியா கொண்டாந்து ரோட்டோரமா கொட்டிட்டுப் போனாங்க. சட்டய எடுத்தா பட்டன் இல்ல. கவுன எடுத்தா பட்டன் இல்ல. ஒண்ணுலயும் இல்ல. எங்க நாத்தனா சொன்னா, மேக்கால இருக்குற ஊருங்கள்ல பட்டன் இல்லாமத்தான் போடுவாங்க போலருக்குடின்னு. நாங்களும் ரொம்ப நாளு அப்புடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தம். இங்க வேலைக்கி வந்து பாத்தா, எல்லாரும் போட்டுருக்கீங்க.' அப்போதுதான் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் மடியில் கிடந்த பையின் மேல் எதையோ தேடிப் போய் நின்றது. குளிர்ச்சியாக, வழவழப்பாக, ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்து. என் பையின் மடிப்பை மூடும் பட்டன்.

ஏழு பேர். மைக் என்னிடம் வர இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். வட்டமாகப் போடச் சொன்னதும் நானேதான், வரிசையாகப் போட்டால் முன்னால் இருப்பவர் பேசுவார் பின்னால் இருப்பவர் கேட்பார் என்று நேற்று அரை மணி நேரம் வாதாடி வாங்கியது, இப்போது பாருங்கள், வரிசையாக இருந்தால் கடைசியில் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம், வட்டத்தில் கடைசி என்று ஒரு இடமே இல்லை. இதோ பிரிட்டோ பேசுகிறான். என் இடப்பக்கம்தான் இருக்கிறான், எனக்கு அப்புறம்தான் அவன் முறை, பொறுக்காமல் முன்கூட்டியே மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவர்கள் குடும்பம் அன்றைக்கு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருக்க வேண்டுமாம், அவன் அப்பாவுக்கு வயிற்றுப்போக்காம், அதனால் தப்பித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு வேளாங்கண்ணிக்குப் போவதாக இருந்து போகாமல் நின்றவர்கள்தான், இத்தனை பேரும் போயிருந்தால் ஊர் கொள்ளாது. செத்தவர்களின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்வதற்கு எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. இதைத்தான் பேசப் போகிறேன், எழுதியே வைத்திருக்கிறேன், பைக்குள் நாலாக மடித்த தாள், துயரத்தை நமதாக்கிக்கொள்ளும் ஆசையைப் பற்றி, கொடுப்பவரின் பெருமைக்குப் பெறுபவரின் மானம் விலையாவதைப் பற்றி. என் முனைவர் பட்ட ஆய்வே அதுதான், 'நிவாரணமும் பெறுவோரின் மரியாதையும்'. பெறுவோரின் மரியாதை. தாளை எடுக்க வேண்டுமென்றால் பையைத் திறக்க வேண்டும். பையைத் திறக்க வேண்டுமென்றால் பட்டனைக் கழற்ற வேண்டும். எடுக்கவில்லை.

அம்மா வெட்டினாள். அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டில் பழைய துணி எதுவும் பட்டனோடு வாசலைத் தாண்டாது. பாத்திரக்காரி வந்து பழைய துணிக்கு எவர்சில்வர் கிண்ணம் தருவாளே, அவளுக்குப் போட்டாலும் சரி, மிதியடிக்கு எடுத்தாலும் சரி, முதல் வேலை கத்தரிக்கோலை எடுத்துப் பட்டனையும் கொக்கியையும் வெட்டிப் பவுடர் டப்பாவில் போடுவது. தர்மபுரியில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான், எல்லார் வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது, குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும். அது கஞ்சத்தனம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அது ஒரு ஒழுங்கு, பொறுப்பான பொம்பளை செய்யும் காரியம். சுனாமி முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆளுக்கு ஒரு பை துணி கொண்டுவரச் சொன்னார்கள், அம்மா பீரோவின் கீழ்த்தட்டைக் கலைத்தாள், அப்பாவின் நாலு சட்டை, அவளுடைய பழைய ஜாக்கெட்டுகள், கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது. யோசித்துச் செய்ததில்லை. வெங்காயம் உரிப்பவள் தோலைத் தனியாகப் போடுவது மாதிரி. ஆக, இது ஒரு பழக்கம், பற்றாக்குறையில் வளர்ந்த குடும்பங்களின் பழக்கம், தனியாள் குற்றம் இல்லை, இதை அப்படியே ஒரு இயலாகக்கூட எழுதலாம். பட்டன் வெட்டிய சட்டை சட்டை இல்லை, கரித்துணி, அடுப்பு மேடை துடைப்பது. நாங்கள் லாரி லாரியாகக் கரித்துணி அனுப்பியிருக்கிறோம், கட்டி, மேலே பள்ளியின் பெயர் எழுதி. நல்ல வாக்கியம். குறித்துக்கொள்ளலாம். சீ.

ஐந்து பேர். மதுரைக்காரப் பெண் ஒருத்தி, அவள் பெயர் எப்போதும் எனக்கு மறந்துவிடும், அன்றைக்குப் பிறகு ஆறு மாதம் வீட்டில் மீன் வாங்கவில்லை என்று சொல்கிறாள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எங்கள் வீட்டிலும் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு மாதம் அக்காவின் ஊரில் மீனை யார் வாங்கினார்கள்? இதைக் கேட்க வாய் வருகிறது, எழுந்து கேட்டால் அவள் முகம் சுண்டிப்போகும், எனக்கு அது பிடிக்கும், ஒருத்தர் சொல்வதில் உள்ள ஓட்டையைக் காட்டும்போது எனக்கு உடம்பில் ஒரு சூடு வரும், அதை நான் இத்தனை வருடமாக நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கவில்லை. அக்கா அறையின் மூலையில் டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருக்கிறார், கேனின் குழாய் கடைசியில் காற்றைக் கொப்பளிக்கிறது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் இன்னும் ஏதோ சொன்னார், சிரிப்புச் சத்தத்தில் யாரும் சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னார்? 'பிஞ்ச வலையில நூலு உருவி பட்டன் எடத்த தச்சி வுட்டுட்டம், தலவழியா மாட்டணும், புள்ளைங்க கத்தும்.' ஆமாம், அது கேட்டது, அதற்கும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒன்று. 'ரெண்டு சட்ட எடுத்தேன். ரெண்டயும் தச்சி முடிச்சிட்டேன். அப்பறந்தான் நெனப்பு வந்திச்சி.' அவ்வளவுதான், மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்ன நினைப்பு வந்தது? அக்காவுக்கு ஒரே மகள், நாகப்பட்டினத்தில் நர்சிங் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள், போனில் படம்கூடக் காட்டியிருக்கிறார். ஒரே மகள். அப்படியானால் இரண்டு சட்டை எதற்கு. மின்விசிறி சுற்றுகிறது. அதை நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு சட்டையையும் தைத்து முடித்த பிறகு, இனி ஒன்றுதான் வேண்டும் என்று நினைப்பு வந்திருக்கிறது. பட்டன் இருந்திருந்தால் உட்கார்ந்து தைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தையலாக, இல்லாத பிள்ளைக்கு, அத்தனை நேரம். இது புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். இதை மற்ற இருபத்தோரு பேரில் யாராவது புரிந்துகொண்டார்களா என்று வட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறேன், பாருங்கள், இப்போதும் எனக்கு மட்டும்தான் புரிந்தது என்பதில் ஒரு துளி பெருமை.

அம்மா வெட்டச் சொன்னாள். அதுதான் சரி. அவள் வெட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் நீலக் கவுன் வந்தது, அதை என்னிடம் கொடுத்து வெட்டச் சொன்னாள். ஏழு வயசுப் பிள்ளை, சொன்னதைச் செய்யும். நீலக் கவுன் என்றால் என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும், அது ஒரு பிரபலமான கவுன். எனக்கு மிகவும் பிடித்த கவுனை, பிறந்தநாளுக்கு எடுத்ததை, நாலு தடவைகூடப் போடாததை, சுனாமிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லிக் கோப்பை வாங்கினேன். ஆய்வுக்கான நேர்காணலில், ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன், வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், இடம் கிடைத்தது. அது முதன்முதலில் கைதட்டல் வாங்கிய இடம் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம். தலைமை ஆசிரியை என் பையிலிருந்து கவுனை எடுத்து இரண்டு தோளையும் பிடித்து விரித்துக் காட்டினார், 'பாருங்க, மணிமொழி எவ்வளவு நல்ல துணி கொண்டுவந்திருக்கா, கந்தலைக் கொண்டுவரக் கூடாது, இப்படிக் கொண்டுவரணும்.' எல்லோரும் தட்டினார்கள். முன்பக்கத்தைத்தான் காட்டினார். பட்டன் எல்லாம் முதுகுப்பக்கம். அவர் திருப்பிவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று இப்போதுதான் சொன்னேன். தெரியாத பிள்ளை எதற்கு மூச்சைப் பிடிக்கிறது.

மூன்று பேர். டீ வந்துவிட்டது, அக்கா என் நாற்காலிக் கையில் டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார், 'சக்கர கம்மி, உனக்குன்னு' என்கிறார். நன்றி சொன்னேனா தெரியவில்லை. போன மாதம் இப்படித்தான் டீக்கு நிற்கும்போது என் பையைத் தொட்டுப் பார்த்தார். 'நல்லாருக்கே பாப்பா, சிப்பி பட்டன். ஒரிஜினல் சிப்பி. இப்பல்லாம் பிளாஸ்டிக்குதான்.' விரல் நுனியால் தடவினார், சிப்பியைத் தெரிந்தவர்கள் தடவுவது மாதிரி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, அதில் ஓடும் ஊதா நிறத்தைப் பார்த்து. 'வீட்ல பழசுக்கா' என்றேன். பொய் இல்லை. கல்லூரி சேரும்போது அம்மா தைத்துக் கொடுத்தது, 'டப்பாவுல ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சுடி, நீ அன்னைக்கு ஆசையா எடுத்து வெச்சியே' என்று. நீ எடுத்து வெச்சியே. அம்மாவின் குரலில் இருக்கிறது, மாற்ற முடியவில்லை. அந்தக் கவுன் எனக்குப் பிடித்த கவுனும் இல்லை, அக்குளில் பிடித்தது, போட்டால் கை தூக்க முடியாது, கழிந்தால் போதும் என்றிருந்தேன். பிடித்தது பட்டன்கள். ஆறு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தத் தலைப்பு கேட்கும் அந்தக் காலையில், நான் டிவி முன்னால் கார்ட்டூனுக்காக உட்கார்ந்திருந்தேன், அப்பா வந்து செய்திக்கு மாற்றினார், தண்ணீர், தண்ணீர், ஓடும் ஆட்கள், நான் காலை உதைத்து அழுதேன், கடலுக்காக இல்லை, கார்ட்டூனுக்காக. அப்பா அடிக்கவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதையும் நான் எங்கேயும் சொன்னதில்லை. பத்தே கால் மணி இருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அக்கா எங்கே இருந்தார், கையில் யாரைப் பிடித்திருந்தார், யாருடைய கை. வேண்டாம். அங்கே போக எனக்கு உரிமை இல்லை. என் இடம் டிவி முன்னால்.

ஒருத்தர். மேடம் பேசுகிறார், சென்னையில் மாமியாரோடு கட்டில் ஆடியதைப் பற்றி, நிலநடுக்கம், மாமியார் மருமகள்தான் ஆட்டுகிறாள் என்று நினைத்தாராம், மறுபடி சிரிப்பு. நான் சொல்லிவிடுவேன். முடிவு செய்துவிட்டேன். தாள் வேண்டாம், வாதம் வேண்டாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும், மேடம் 'எவ்வளவு நேர்மை' என்பார், தட்டுவார்கள், அதுவும் ஒரு கோப்பை. சொல்லாவிட்டாலும் தட்டுவார்கள். எப்படிப் போனாலும் எனக்குக் கைதட்டல் காத்திருக்கிற மாதிரி ஒரு வட்டத்தைப் போட்டுவைத்திருக்கிறேன். இருந்தாலும் சொல்ல வேண்டும், அக்கா அறைக்குள் இருக்கும்போதே. அம்மா வெட்டச் சொல்லவும் இல்லை. இதோ, வந்துவிட்டது. அம்மா அந்தக் கவுனை ஓரமாக வைத்தாள், கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதன் சுருக்கத்தை நீவினாள், 'இதை அப்படியே குடுத்துடலாம்டி, எந்தப் புள்ளையாவது பொங்கலுக்குப் போட்டுக்கட்டும், பட்டன வெட்டுனா போடறதுக்கு ஆகாது' என்றாள். தெரிந்துதான் சொன்னாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்தப் பழக்கத்தை நிறுத்தினாள் என் அம்மா. அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு பட்டன் எளிதாக வரவில்லை, துணியோடு சேர்த்து வெட்டிவிட்டேன், சின்ன ஓட்டை விழுந்தது. திரும்பி வந்து பார்த்து, 'ஏன்டி?' என்றாள். 'எனக்கு வேணும்' என்றேன். இருபது வருடமாக இந்தக் கதையில் கத்தரிக்கோலே இல்லாமல் வைத்திருந்தேன், இன்றைக்கு வேறு வழியில்லாமல் வந்தபோது அதை அம்மா கையில் கொடுத்துப் பார்த்தேன்.

மைக் கனமாக இருக்கிறது, முன்னால் பிடித்தவர்களின் வியர்வையோடு. 'மணிமொழிக்கு எதுக்கு மைக், குரலே போதுமே' என்கிறான் பிரிட்டோ. வாயைத் திறக்கிறேன். 'நான் அப்ப தர்மபுரில ரெண்டாவது படிச்சிட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு நீலக் கவுன் இருந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்சது.' நான்தான் பேசுகிறேன். நிறுத்தச் சொல்கிறேன், நாக்கு நிற்கவில்லை, அது நடந்து நடந்து பழகிய பாதை, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் ஒரு நொடி விட வேண்டும் என்று அதற்கே தெரியும். பிறந்தநாள் வருகிறது, நாலு தடவை வருகிறது, பிரார்த்தனைக் கூட்டம் வருகிறது, கந்தலைக் கொண்டுவரக் கூடாது என்பதும் வருகிறது. எல்லாம் வந்து முடிந்துவிட்டது. ஆளுக்கு மூன்று நிமிடத்தில் எனக்கு ஒன்றரைதான் ஆகியிருக்கும். யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், மேடம் கண்ணாடியைக் கழற்றினார். காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த அக்கா என் நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார், தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முகம் மலர்ந்து.

'நல்ல கவுனா பாப்பா? புதுசு?'

'ம்.'

'அப்ப அதுலயாவது பட்டன் இருந்திருக்கும்' என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்காகச் சந்தோஷப்பட்டார். நான் பேசாமல் இருந்தாலே போதும், தலையை ஆட்டக்கூட வேண்டாம், அவர் நகர்ந்துவிடுவார். மைக் இன்னும் என் கையில், இன்னும் உயிரோடு இருந்தது.

'இல்லக்கா' என்றேன், என் குரல் அறையின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. 'ஆறு பட்டன் இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். எங்கம்மா வேணாம்னாங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான்.'

கைதட்டல் பாதியில் நின்றது. இதற்குத் தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வட்டத்தைப் பார்த்துத் திரும்பி, 'அப்ப நீதானா அது' என்றார், எல்லோரும் அவசரமாக, நன்றியோடு சிரித்தார்கள், பிரிட்டோ என் முதுகில் தட்டினான். அக்கா குனிந்து என் டம்ளரை எடுத்தார். டீயில் ஆடை கட்டியிருந்தது, நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. குனிந்த இடத்திலிருந்தே, எனக்கு மட்டும் கேட்கும்படி, 'என்னா பட்டன்?' என்றார்.

பையின் மேலிருந்து கையை எடுத்தேன்.

போன மாதம் தொட்டுத் தடவிப் பார்த்தவர், இந்தத் தடவை தொடவில்லை.